எல்கடுவ வளைவில் நாலாவது பாட்டு

எல்கடுவையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் ஏறியதுமே காது அடைத்துவிடுகிறது. ஸ்பானிய மொழியில் பாடிப் பேரெடுத்த பாடகி ஒருத்தி, உலகமே ஆடட்டும் என்று ஆங்கிலத்தில் பாடி வெளியிட்ட ஆல்பம் ஓடுகிறது. பஸ் நிறைய மஞ்சள் ஜெர்சி போட்ட தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். யட்டவத்தையில் வலைப்பந்து இறுதிப் போட்டி. நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் கோப்பை எதிரணிக்கு.

மழையில் கரைந்த ஒரு வளைவில் பின்சக்கரம் பாதையோர வடிகானுக்குள் இறங்கிவிடுகிறது. டிரைவர் நானா பாட்டை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைக்கிறார்.

"பாட்ட நிப்பாட்டாதீங்க நானா," என்று கத்திக்கொண்டே கீழே குதிக்கிறாள் அணித் தலைவி செல்வி. "நாலாவது பாட்டப் போடுங்க. நாங்க பிரெக்டிஸ் பண்றது அதுலதான்."

அந்த ஆங்கிலப் பாட்டில் பாடகியின் தாய்மொழிச் சூடு இல்லை என்று நண்பர்களிடம் வாதாடியவன் நான். இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு, இறங்கிய பெண்களோடு பஸ்ஸின் பின்பக்கம் தோள் கொடுக்கிறேன். பாடகி மெல்ல ஆரம்பிக்கிறாள். யாரும் அசையவில்லை. தாளம் ஏறுகிறது, இன்னும் ஏறுகிறது, சட்டென்று அடங்குகிறது. மறுபடி டிரம்ஸ் இடியாக இறங்கும் அந்த நொடியில், "ஐலசா!" என்று எல்லோரும் முட்டித் தள்ள, பஸ் உறுமிக்கொண்டு ரோட்டில் ஏறுகிறது.

சேறு பூசிய ஜெர்சிகளோடு நடுரோட்டிலேயே ஆட்டம். நானும் ஆடுகிறேன்.

"ஜெயிச்சிருவீங்களா?" என்று செல்வியிடம் கேட்கிறேன்.

"பஸ்ஸையே தூக்கிட்டோம்," என்று முகத்துச் சேற்றைத் துடைக்கிறாள். "கப்பு என்னா, இத விட கனமாவா இருக்கப் போகுது?"