மூக்கு வைத்த ஜீப்

எங்கள் தெருவில் முக்காலி என்று ஒருவர் இருக்கிறார். மரச்சாமான் வியாபாரி என்று நினைத்துவிடாதீர்கள். குளியலறை டைல்ஸ் விற்கும் ஷோரூமில் சேல்ஸ்மேன். வழுக்காத தரை, வழுக்கும் தரை, வழுக்கி விழுந்தாலும் பளபளவென்று இருக்கும் தரை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை தரையைப் பற்றியே பேசுவது அவர் பிழைப்பு. அப்படிப்பட்டவருக்குத்தான் ரோடே இல்லாத இடத்தில் வண்டி ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்தது.

வண்டி அவருடையது இல்லை. இதை நானே சொல்லிவிடுகிறேன், அவர் சொல்லமாட்டார். அது மாமனார் ஓட்டிய பழைய டீசல் ஜீப். அவர் அதைத் தன் மகளுக்கு விட்டுப்போனார். அந்த மகள், அதாவது முக்காலியின் மனைவி, ஊர் ஓரத்தில் பச்சை வலை கட்டி நாற்றுப்பண்ணை நடத்துகிறார். மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகளைக் குழித்தட்டில் வளர்த்துத் தோட்டக்காரர்களுக்குக் கொடுப்பது தொழில். எங்களுக்கெல்லாம் நாற்றுக்கார அக்கா. ஜீப்பின் பின்னால் தட்டுகளை அடுக்கிக்கொண்டு அவரே ஓட்டிப்போவார். வண்டி இருமும், புகையும், முனகும். ஆனால் போய்ச் சேரும். ஒரு வண்டியிடம் இதற்கு மேல் என்ன கேட்பது?

முக்காலி கேட்டார். ஒரு நாள் போனில் எவனோ ஜீப்பைப் பாறை உச்சியில் நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றி ஆட்டுவதைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு ஆரம்பித்தது கிறுக்கு. மறுநாளே தொப்பி வாங்கினார். அதோடு நின்றிருக்கலாம்.

என் சீட் கவர் கடை மெக்கானிக் ஷெட்டுக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. தையல் மெஷினில் கைக்கும் காலுக்கும்தான் வேலை. காது சும்மா கிடக்கும். அதனால் அந்த ஜீப்புக்கு நடந்த எல்லா அலங்காரமும் எனக்கு அத்துப்படி.

முதலில் ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் இரும்புக் கட்டை வைத்து வண்டியை உயர்த்தினார். பிறகு டிராக்டருக்குப் பொறந்த மாதிரி நாலு டயர். ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. "பவர் ஜாஸ்தி ஆயிடுச்சு, அதான்" என்றார். இப்போது அக்காவால் வண்டியில் ஏற முடியவில்லை. ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கீழே போட்டு, அதில் ஏறி உள்ளே உட்கார்ந்து, அதன் காலில் கட்டிய கயிற்றைப் பிடித்து முக்காலியை மேலே இழுத்துக்கொள்வார். கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி இருக்கும். வைத்துவிட்டார்கள் பெயரை. அக்காவுக்கு இல்லை, வீட்டுக்காரருக்கு.

அப்புறம் கூரையில் வரிசையாக விளக்கு. ஒரு தடவை போட்டுக் காட்டினார், எதிர் வீட்டு மாடியில் குளித்துக்கொண்டிருந்தவர் அலறினார். முன்னால் பெரிய பம்பர், பம்பரில் வண்டியை இழுக்கிற கம்பிவட மோட்டார். நாற்றுத்தட்டு வைக்கிற இடத்தில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி. இத்தனையோடும் அந்த ஜீப் தினமும் போன காடு எது தெரியுமா? வீட்டிலிருந்து டைல்ஸ் ஷோரூம். நடுவில் ஒரு வேகத்தடை உண்டு. அதற்கும் பிரேக் போடுவார்.

கடைசியாக மூக்கு வந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் கூரை வரைக்கும் போகுமே, கறுப்புக் குழாய், அது. வண்டி தண்ணீரில் இறங்கினாலும் இன்ஜின் மேலிருந்து மூச்சு வாங்குவதற்காக வைப்பது.

"சார், மட்கார்டுல ஓட்டை போட்டு இதை உள்ள ஏர் ஃபில்டரோட சேர்க்கணும்" என்றான் மெக்கானிக்.

"ஓட்டையா? போன வாரம்தான்யா பெயிண்ட் அடிச்சிருக்கேன். என் வண்டி என்ன உனக்கு இட்லித்தட்டா?"

"ஓட்டை போடலைன்னா மூச்சு எப்படி சார் போகும்?"

"இத்தனை வருஷமா எப்படிப் போச்சோ அப்படியே போகட்டும். வெளியில பார்த்தா மூக்கு தெரியணும், அவ்வளவுதான்."

மெக்கானிக் தர்க்கம் பண்ணுகிற ஜாதி இல்லை. வண்டிக்குக் கொம்பு வைக்கச் சொன்னாலும் வைத்துவிட்டு, வால் வேண்டுமா என்று கேட்பான். நாலு ஸ்க்ரூ, கொஞ்சம் பசை, வேலை முடிந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏம்பா, ஓட்டையே இல்லாம அது என்னப்பா மூக்கு?"

"அண்ணே, நீங்க புலித்தோல் சீட் கவர் தைக்கிறீங்களே, அதுல புலி இருக்கா?"

நான் மெஷினை மிதிக்கப் போய்விட்டேன்.

முக்காலி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "கழுத்தளவு தண்ணியில விட்டாலும் போகும் சார். மூக்கு வெச்சிருக்கோம்ல!" பால்காரரிடம் சொன்னார், முடிவெட்டுகிறவரிடம் சொன்னார், டைல்ஸ் வாங்க வந்தவர்களிடம் சொன்னார். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். பொய் சொல்கிற ஆளை நான் மட்டமாக நினைக்கமாட்டேன், சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ள மூளை வேண்டும். இவரிடம் அதுவும் கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய தோட்டம். அதன் மேனேஜரை அக்கா ரொம்ப நாளாகப் பார்த்துப் பார்த்துப் பேசி, கடைசியில் மனிதர் இறங்கி வந்தார். "வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள மிளகா நாத்து என் வயல்ல இருக்கணும்மா. ஆளுங்க வந்து காத்திருப்பாங்க. வரலைன்னா வேற பண்ணையில சொல்லிடுவேன், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது." இது சரியாகப் போனால் இனி அந்தத் தோட்டத்துக்கு எல்லாப் பருவத்துக்கும் அக்காவின் நாற்றுதான். தவறினால் அந்தத் தோட்டத்துக்காகவே விதைத்து வளர்த்த நாற்று தட்டிலேயே முற்றிக் குப்பைக்குப் போகும். பண்ணையில் பாதி அதுதான்.

வியாழக்கிழமை மழை. அக்கா தன் தம்பியை டிராக்டரோடு வரச் சொன்னார். முக்காலிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வீட்ல இப்படி ஒரு வண்டியை வெச்சுக்கிட்டு டிராக்டரா? என் மானம் என்ன ஆகிறது?"

"உங்க மானத்தை ஏத்தறதுக்கு இடம் இல்லை. முதல்ல அந்த ஸ்பீக்கர் பெட்டியை எறக்குங்க, தட்டு வைக்கணும்."

"அது எறங்காது. போல்ட் போட்டிருக்கு."

சண்டை பிடிக்க நேரமில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஜீப்பில் கொண்ட அளவுக்குத் தட்டுகளை அடுக்கினார்கள், மீதியெல்லாம் டிராக்டர் டிரெய்லரில் போனது. ஓடையில் நடந்ததை அக்காவின் தம்பி என் கடையில் உட்கார்ந்து நடித்தே காட்டினான். கேட்டவர்களுக்கெல்லாம் மறுபடியும் நடித்தான், ஒரு சொல் மாறவில்லை. அதனால் நம்பலாம்.

ஓடையின் குறுக்கே ஒரு வண்டி மட்டும் போகிற தரைப்பாலம். மேலே முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கரையில் மேனேஜர் குடையோடு நின்றிருந்தார், பின்னால் அவர் ஆட்கள்.

"மாமா, நான் முன்னாடி போறேன். என் டயர் பெருசு" என்றான் தம்பி.

"டேய், உன் புகையை நான் குடிச்சுக்கிட்டு வரணுமா? போடா பின்னாடி."

ஜீப்பில் தட்டுகளோடு உட்கார்ந்திருந்த அக்கா சொன்னார்: "மெதுவா போங்க. முழங்கால் தண்ணிதான். அப்பா ஓட்டினப்போ இதே வண்டி இதுல போயிருக்கு."

"மெதுவா போறதுக்கா இவ்வளவும் மாட்டியிருக்கேன்? டேய் மாப்ளே, போனை எடுத்து வீடியோ பிடி. தண்ணி ரெண்டு பக்கமும் றெக்கை மாதிரி எழும்பும், அது படத்துல விழணும்."

விழுந்தது. நானும் அந்த வீடியோவைப் பார்த்தேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஹேய்ய்" என்று கத்திக்கொண்டே விரட்டுகிறார். தண்ணீர் நிஜமாகவே றெக்கை மாதிரி எழும்புகிறது. எழும்பிய தண்ணீர் பானெட் மேல் வந்து கொட்டுகிறது. பாலத்தின் நட்டநடுவில் ஜீப் ஒரு விக்கல் விக்கி நின்றுவிடுகிறது. கூரை விளக்குகள் மட்டும் பட்டப்பகலில் எரிகின்றன.

இனி டிராக்டரும் போக முடியாது. அடைத்துக்கொண்டு நிற்பது நம்மவர்தான்.

"மூக்கு இருக்குன்னீங்களே, ஏன் நின்னுச்சு?" என்று அக்கா கேட்டார்.

"இரு, அவனையே கேக்கறேன்" என்று முக்காலி ஷெட்டுக்குப் போன் போட்டார். இந்த இடத்தில் நான் சாட்சி. மெக்கானிக் என் பக்கத்தில்தான் நின்று பேசினான்.

"என்னய்யா மூக்கு வெச்சே? தண்ணி உள்ள போயிடுச்சு!"

"சார், அந்த மூக்குக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமே இல்லையே சார். பெயிண்ட் போயிடும்னு நீங்கதானே ஓட்டை போட வேணாம்னீங்க? சும்மா ஒட்டித்தானே வெச்சேன்?"

முக்காலி தன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போலிருக்கிறது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போலிருக்கிறது.

அக்கா புருஷனை ஒரு பார்வை பார்த்தாராம். தம்பி அதையும் நடித்துக் காட்டினான். அழுகல் தக்காளியை வாசலில் போடுவதா, குழியில் போடுவதா என்று யோசிப்பது போல இருந்தது.

"பயப்படாதே, மோட்டார் இருக்கு" என்றார் முக்காலி. மேனேஜரின் ஆள் ஒருவன் கம்பிவடத்தைக் கொண்டுபோய் அக்கரை மரத்தில் கட்டினான். முக்காலி ஸ்விட்சை அமுக்கினார். வடம் விறைத்தது. மரம் அசையவில்லை, ஜீப்பும் அசையவில்லை. 'டப்' என்று ஒரு சத்தம். பம்பர் மட்டும் வண்டியிலிருந்து பிய்த்துக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. அதையும் அழகுக்குத்தான் மாட்டியிருந்தார்.

"மாமா! பம்பர் முன்னாடி போகுது, நீங்க பின்னாடி வர்றீங்களா?" என்று கத்தினான் தம்பி.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதை அக்காவும் பார்த்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் குதித்து, ஒரு தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். "டேய், அங்கேயே நிறுத்திட்டு டிரெய்லர்ல இருக்கறதை எறக்குடா! ஓரமா நடந்து வா!" தம்பி இரண்டு கையிலும் தட்டோடு ஜீப்பை உரசிக்கொண்டு வந்தான். நாலு நடை பார்த்துவிட்டு மேனேஜரே குடையை மடக்கி, "என்னடா வேடிக்கை? இறங்குங்கடா" என்று தன் ஆட்களை விரட்டினார். கைக்குக் கை மாறித் தட்டுகள் கரையேறின. இரண்டு தட்டை ஓடை கொண்டுபோனது.

முக்காலி இறங்கவில்லை. புது பூட்ஸ். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வண்டி இதோ கிளம்பப்போகிறது என்பது மாதிரி உட்கார்ந்திருந்தார். தன்னைத் தாண்டிப் போகிற ஒவ்வொருவரிடமும், "பார்த்து, பெயிண்ட்ல இடிக்காதீங்க" என்றார்.

கடைசித் தட்டு மத்தியானத்துக்கு முன்பே வயலுக்குப் போய்விட்டது. மேனேஜர் ஒரு நாற்றைக் குழியிலிருந்து உருவி வேரைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. "சரிம்மா, அடுத்த பருவத்துக்கும் நீங்களே போடுங்க" என்றார். பிறகு ஓடைப் பக்கம் கையைக் காட்டினார்.

"அது யாரும்மா, வண்டியை விட்டு இறங்கவே மாட்டேங்கிறாரு?"

அக்கா தலையிலிருந்து வழிந்த சேற்றுத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, ஓடைக்குக் கேட்கிற குரலில் சொன்னார்: "வாடகை வண்டிக்காரர் சார். இனிமே இவரைக் கூப்பிட மாட்டேன்."

முக்காலி கோபத்தில் ஹாரனை அமுக்கினாராம். அதற்குள் மட்டும் தண்ணீர் போகவில்லை.