எட்டு மீட்டர் வளைவு

நகராட்சி அலுவலக மாடியில் இருபத்தாறு வருஷமாக வரைபடம் போடுகிற அம்மாளுக்கு 'சேத்து மேடம்' என்று பெயர். கடற்கரைப் பூங்கா வேலை வந்த நாளிலிருந்து அவர் செருப்பு சுத்தமாக இருந்ததில்லை. படிக்கட்டில் சேற்றுத் தடத்தைப் பார்த்தே ஆள் வந்தாச்சு என்று சொல்லிவிடுவார்கள்.

பூங்கா என்றதும் எல்லாரும் கடலோரச் சுவரை எதிர்பார்த்தார்கள். சுவரே வேண்டாம் என்று மேடம் ஒற்றைக்காலில் நின்றார். கரையைச் சரிவாக்கி, முன்னால் சிப்பி ஓட்டு மூட்டைகளை அடுக்கி, சரிவு முழுக்கக் கோரை நட வேண்டும். அலை மூட்டையில் மோதி, கோரையில் வேகம் குறைந்து, பூங்கா பெஞ்சுகளை மட்டும் நனைத்துவிட்டுத் திரும்பிப் போகும்.

"தண்ணி ஏறுறதுக்கு ஒரு பூங்காவா?" என்று கூட்டத்தில் சிரித்தார்கள்.

"உங்க வீட்டு ஹால்ல வந்து உக்கார்றதுக்குப் பதிலா இங்க உக்காந்துட்டுப் போகட்டுமே" என்றார் மேடம். சிரிப்பு நின்றது.

இவ்வளவு வாய் பேசியவர் ஒரே இடத்தில் சறுக்கினார். கரைக்கோடு நேராகப் போனால் ஒரு வீட்டை இடிக்க வேண்டும். அது அவருடைய அண்ணன் வீடு. பஸ் பணிமனை மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணி போன பிறகு அந்த வீட்டில் தனி ஆள். தங்கைக்கு மனசு கேட்கவில்லை. வரைபடத்தில் அந்த இடத்தில் மட்டும் கரைக்கோட்டைக் கடல் பக்கமாக எட்டு மீட்டர் வளைத்து, 'மண்வாகு' என்று காரணம் எழுதினார். மேலதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஒரு வருஷத்தில் கோரை இடுப்பளவு வளர்ந்தது, வளைவைத் தவிர. அங்கே இடம் போதாமல் சரிவு செங்குத்தாகிவிட்டது. அலை மண்ணை அரித்துக்கொண்டே இருந்தது. வரப்போகிற மழைக்காலத்தில் அந்த வழியாகத் தண்ணீர் புகுந்தால் பின்னாலிருக்கும் நாற்பது வீடும் மூழ்கும். உண்மையைச் சொன்னால் வேலைக்கே ஆபத்து. அண்ணனிடம் சொல்வதுதான் அதைவிடப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனார். அண்ணன் பின்வாசலில் முழங்கால் சேற்றில் நின்று கோரை நட்டுக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா. உன் புல்லு எல்லா எடத்துலயும் ஜோரா நிக்குது, இங்க மட்டும் நிக்க மாட்டேங்குது. மூணாவது தடவை நடுறேன். நான் போறப்ப வர்றப்ப மிதிபடுதோ என்னமோ. உனக்குக் கெட்ட பேரு வந்துடக் கூடாதேன்னுதான்."

ஐம்பத்து மூன்று வயதுப் பாப்பாவுக்கு வெட்கமாக இருந்தது.

"நீ மிதிச்சதால இல்லண்ணா. இங்க கரை வளைஞ்சிருக்கு. வளைச்சது நான்தான்."

"எதுக்கு?"

"உன் வீட்டை இடிக்கக் கூடாதுன்னு. இப்படியே விட்டா பின்னாடி நாப்பது வீட்டுக்கும் தண்ணி வந்துடும்."

அண்ணன் தெருவைத் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த கோரைக் கட்டைக் கீழே வைத்தார். திட்டினாலாவது தேவலை என்றிருந்தது தங்கைக்கு.

"காலி பண்ண எத்தனை நாள் குடுப்பாங்க?"

"தொண்ணூறு நாள்ணா."

"அவ்வளவு எதுக்கு? மழைக்குள்ள புல்லு வேர் பிடிக்க வேணாமா? எனக்கு ஒரு மாசம் போதும்."