சல்லடையில் தங்கியது

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தினமும் காலையில் சிறுநீர் கொதித்தது. என்னுடையதுதான். கண்ணாடிக் குழாயில் நீலத் திரவம் கொஞ்சம் ஊற்றி, அதில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். நீலம் மாறாமல் இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம் இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று போய்க் கடைசியில் செங்கல் நிறம். எனக்குச் செங்கல் நிறம் வந்தது.

ஸ்ரீரங்கத்தில் மடி பார்க்கிற வீட்டில் இந்தக் காரியத்துக்கு உள்ளே இடம் கிடையாது. என் மனைவி கொல்லைப்படியில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நின்றுகொண்டு, "என்ன கலர்?" என்று கேட்பாள். சொன்னதும் உள்ளே போய்விடுவாள்.

நான் அப்போது திருச்சியில் ஒரு தினசரியில் துணை ஆசிரியர். பிறர் எழுதியதை வெட்டுகிற வேலை, உட்கார்ந்தபடியே வெட்டலாம். ஜங்ஷன் எடை இயந்திரம் தொண்ணூற்றிரண்டு கிலோ என்று அட்டையில் அச்சடித்துத் தந்தது. அட்டையில் இருந்த ஜோசியம் உடல்நலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மன்னார்புரத்து டாக்டர் எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்துப் பேசினார்.

"சோத்தைப் பாதியாக் குறைங்க. ராத்திரி சப்பாத்தி. கோதுமையைத் தவிட்டோட அரைக்கணும்மா. காய் நிறைய போடுங்க. நார்ச்சத்து உள்ள போனா சர்க்கரை ரத்தத்துல மெதுவா ஏறும், பசி அடங்கும், எடையும் இறங்கும். அடுத்த மாசம் பார்ப்போம். கலர் பச்சைக்கு வரலைன்னா இன்ஜெக்‌ஷன்தாங்க. தினமும்."

எனக்கு ஊசி ஆகாது. ஒரு தடுப்பூசி முகாமைப் பற்றி எழுதப் போய், முதல் குழந்தைக்குப் போட்டபோதே மயங்கி விழுந்தவன் நான். குழந்தை அழவில்லை. எங்கள் அலுவலகத்து மூத்த பிழைதிருத்துநருக்கும் சர்க்கரை; தினமும் கண்ணாடி ஊசியைக் கேன்டீனில் வெந்நீரில் போட்டு எடுப்பார். அந்த நேரத்தில் நான் டீ குடிக்கப் போவதில்லை.

ஆகவே டாக்டர் சொன்னதை நாங்கள் ஒரு சொல் விடாமல் கடைப்பிடித்தோம். ரேஷன் கோதுமையை மனைவி கழுவிக் காயவைத்து, மில்லில் நின்று அரைத்து வந்தாள். சோறு பாதியானது. செங்கல் நிறம் ஆரஞ்சாகி, அங்கேயே நின்றுவிட்டது. மாதம் முடியப் போனது. வீட்டில் விசாரணை தொடங்கியது.

"ஏன்னா, கோயில் பக்கம் போய் அக்காரவடிசல்னு கை நீட்டினேளா?"

"இல்லை."

"பெருமாள் மேல சத்தியமா?"

"சத்தியமா."

"அப்போ ஆபீஸ்ல."

"ஆபீஸ்ல வெறும் டீ. சர்க்கரை இல்லாம."

"சர்க்கரை இல்லாம குடிக்கிறவர் மூஞ்சி இப்படி இருக்காது."

நான் குற்றமற்றவன் என்பதற்கு என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை. இம்மாதிரிச் செய்திகளை நானே எத்தனையோ முறை வெட்டியிருக்கிறேன்.

என் வார விடுமுறை நாளில் விஷயம் வெளியே வந்தது. அந்தக் காலத்தில் பால்காரர் மாட்டையே வாசலுக்கு ஓட்டி வந்து கறப்பார். வேலைக்குப் போகிற நாட்களில் அந்த நேரத்துக்கு நான் கொல்லையில் குழாயும் கையுமாக இருப்பேன். அன்று தாமதமாக எழுந்து வாசலில் நின்றேன். மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் படியிலேயே தலையை வைத்தது. என் மனைவி ஒரு வாளியைக் கொண்டு வந்து வைத்தாள். கழுநீரில் தவிடு மிதந்தது.

"அம்மா குடுக்குற தவிட்டுல மாடு தேறிடுச்சுங்க சாமி" என்றார் பால்காரர். உண்மைதான். அதன் தோல் பளபளவென்று இருந்தது.

"தவிடு ஏது?" என்று மனைவியைக் கேட்டேன்.

"நம்மாத்துதுதான். உங்க கோதுமை மாவைச் சலிச்சது."

"டாக்டர் தவிட்டோடன்னு சொன்னாரே."

"தவிட்டோடதான் அரைச்சேன். மில்லுல வேணா கேட்டுப் பாருங்கோ."

"அப்புறம் ஏன் சலிச்சே?"

"சலிக்காம யாராவது மாவு பிசைவாளா? வண்டு கிடக்கும், சாக்கு நூல் கிடக்கும். குளிக்கச் சொன்னா துவட்டிக்கக் கூடாதுன்னா அர்த்தம்?"

அரைக்கச் சொன்னதை அரைத்திருக்கிறாள். சலிப்பதைப் பற்றி டாக்டர் வாய் திறக்கவில்லை. மாட்டுக்குத் தவிடு கொடுத்தது புண்ணியக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதையும் குறை சொல்ல முடியாது.

அன்று சமையலறை வாசலில் நின்று முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். அவரைக்காயின் இரு விளிம்பிலும் நார் உரிக்கப்பட்டது. வாழைத்தண்டை நறுக்கும்போது நூல் நூலாக வந்ததை அவள் ஆள்காட்டி விரலில் சுற்றி, மோதிரம் மாதிரி ஆனதும் கழற்றிப் போட்டாள். சுரைக்காய்த் தோல் தனியே போனது. அரிசி கடையிலேயே தீட்டி வந்தது. நல்ல சமையல் என்று நாங்கள் சொன்னதில் பாதி வேலை, டாக்டர் சாப்பிடச் சொன்னதை எடுத்து வெளியே போடுவதுதான். அது எல்லாம் மாட்டுக்குப் போனது.

டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னோம். அவர் சிரிக்காமல் இருக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார். "இன்னும் ஒரு மாசம் தரேன். சலிக்காதீங்கம்மா. கண்ணால பார்த்துப் பொறுக்குங்க" என்றார்.

சல்லடை ஆணியில் ஏறியது. சப்பாத்தி சாக்கு நிறத்துக்கு மாறியது. மென்று விழுங்க நேரம் பிடித்தது. மெல்லுகிற அலுப்பிலேயே மூன்றாவதைக் கேட்காமல் எழுந்துவிடுவேன். மனைவி வேகமாகத் திருந்தினாள். அவரைக்காயை நாரோடு போட்டாள். வாழைத்தண்டையும் நாரோடு சமைத்தாள். அதை அலுவலகத்தில் பல்லிலிருந்து உருவிக்கொண்டிருந்ததில் எனக்கு ஒரு செய்தித் தலைப்பு தவறிப்போனது. தண்டு நாரை மட்டும் எடுத்துவிடலாம் என்று டாக்டரிடம் போன் போட்டு அனுமதி வாங்கினோம்.

அந்த மாதக் கடைசியில் கொல்லைப்படியில் நின்றவள், கேட்பதை விட்டுவிட்டு இறங்கி வந்து குழாயையே பார்த்தாள். பாசிப் பச்சை.

"பச்சைதானே?"

"பச்சைதான்."

"வெளிச்சத்துல காட்டுங்கோ."

வெளிச்சத்திலும் பச்சைதான்.

"இன்ஜெக்‌ஷன் இப்போ வேண்டாங்க" என்றார் டாக்டர். 'இப்போ' என்ற சொல் என் காதில் விழுந்தது. அதை வெட்டவும் முடியாது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் எனக்கு வார விடுமுறை. காலையில் மாடு வழக்கம்போலப் படியில் தலையை வைத்தது. சல்லடை ஆணியில் ஏறியதிலிருந்து வாளியில் வெறும் கழுநீர்தான். முகர்ந்து பார்த்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தது.

"இத்தனை நாள் சாப்ட்டுட்டு இப்போ எங்க போகும், பாவம்" என்றாள்.

அன்று மாலை கடையிலிருந்து தவிடு மூட்டை வந்தது, மாட்டுக்குத் தனியாக.