மூன்று வரிசை, ஒரே பிழை

புதுப் பேனா வாங்கினால் என் தோழி முதலில் அதைத் தரையில் போடுவாள். எழுதிப் பார்ப்பதெல்லாம் அப்புறம். "பசங்க கையில எது நிக்கும்? விரிசல் விட்டதுக்கப்புறமும் எழுதணும்ல?" என்பாள். இரவல் டேப்லெட்டைத் தரையில் போட மனம் வராமல், தன் காலிலேயே போட்டுக்கொண்டு ஒரு வாரம் நொண்டினாள்.

எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இவளுக்கு 'ஆராய்ச்சி' என்று பெயர். வகுப்பில் குறிப்பெடுக்க எது நல்லது, கையா கருவியா என்பதுதான் இவள் எடுத்துக்கொண்ட தலைப்பு. யார் சொன்னாலும் நம்பமாட்டாள். பேட்டரி நாள் முழுக்க நிற்கும் என்று கடைக்காரர் சொன்னதற்கு, "அப்ப நான் இங்கயே உக்கார்றேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சென்ற மாதம் ஏழாம் வகுப்பில் சோதனை வைத்தாள். ஒளி பற்றிய பாடம், நடத்தியது இவளே. புத்தகம் மூடியிருக்க வேண்டும், போர்டில் ஒரு எழுத்தும் கிடையாது, காதில் விழுவதைத்தான் குறிக்க வேண்டும். ஒரு வரிசை நோட்டில் எழுதியது. இன்னொன்று டேப்லெட்டில் தட்டியது. மூன்றாவது வரிசைக்குப் பேச்சை எழுத்தாக்கும் செயலி. கூடப் படிக்கிறவள் என்ற உரிமையில் நான் கடைசி பெஞ்சில் இருந்தேன்.

பாதிப் பாடத்தில் செயலியை எட்டிப் பார்த்தாள். 'ஒலி நேர்கோட்டில் செல்லும்' என்றிருந்தது.

"இந்தச் சனியனுக்குக் காது சரியில்ல."

டேப்லெட் வரிசையிலும் ஒலிதான். நோட்டு வரிசையில் ஒரு பெண் ஒலி என்று எழுதி, பக்கத்தில் அழகாகக் காது ஒன்றும் வரைந்து வைத்திருந்தாள். முன்பெஞ்சுப் பையன் கேட்டே விட்டான்: "மிஸ், சத்தத்துக்கு எதுக்கு டார்ச் லைட்டு?"

ஆராய்ச்சியின் வாயில் ளகரம் வராது. பள்ளிக்கூடம் பல்லிக்கூடமாகிவிடும். எங்கள் காதுக்கு அது பழகிப்போனது, கேலி செய்து சிரித்ததோடு சரி. அன்று அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அடுத்த வாரம் அதே வகுப்பில், மேற்பார்வை ஆசிரியை முன்னால் பாடம் நடத்தும் தேர்வு. போன வருடமும் அதில் தவறியவள்.

"போர்டுல எழுதிப் போட்டுட்டுப் பேசுடி. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"போர்டு பக்கத்துல இல்லாதப்பவும் நான்தானே பேசணும்?"

விடுதிக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று வெள்ளம், பள்ளம் என்று மாய்ந்து மாய்ந்து சொல்லிப் பார்த்தாள். பக்கெட் நிரம்பி வழிந்ததுதான் மிச்சம். பத்துக்கு ஒன்று தேறினால் அதிசயம். ஆராய்ச்சி அறிக்கையில் மட்டும் ஒளிக்காமல் எழுதினாள்: 'மூன்று முறைகளும் சரியாகவே வேலை செய்தன. கோளாறு சொன்னவளிடம்.'

தேர்வு நாளில் மேற்பார்வை ஆசிரியை மதிப்பெண் தாளோடு என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். ஆராய்ச்சி சாக்பீஸைத் தொடவே இல்லை.

"போன தடவை நீங்க எல்லாரும் கேட்டதைச் சரியாத்தான் எடுத்தீங்க. நான்தான் தப்பா சொன்னேன். இன்னைக்கும் தப்பா வந்தா, உடனே கையத் தூக்குங்க."

பக்கத்தில் பேனா எதையோ எழுதும் சத்தம் கேட்டது. அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. வாயை அகலத் திறந்து, நாக்கை மேலே வளைத்து, அதன் நுனி தொட வேண்டிய இடத்தை விரலால் வகுப்பு முழுவதற்கும் காட்டினாள்.