நீச்சல் டீச்சர் நிற்கும் இடம்

ஒரு கை வயிற்றுக்கு அடியில், மறு கை பின்னங்கால்களைத் தாங்கியபடி. எலியின் முகம் தொட்டியின் சுவரைப் பார்த்திருக்க வேண்டும். பின்பக்கம்தான் முதலில் தண்ணீரைத் தொட வேண்டும். தொப்பென்று போடக் கூடாது; தூங்குகிற பிள்ளையைப் பாயில் விடுகிற மாதிரி விட வேண்டும். கைகள் வெளியே வரும்போது தண்ணீரில் ஒரு சின்ன வளையம்தான் மிஞ்சும். "போங்க பெரியப்பா, பதறாம போங்க" என்று வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டு, ஈரக் கையை மேலங்கியில் துடைத்தபடி, துண்டுகள் அடுக்கிய அலமாரி ஓரமாகப் போய் நின்றுகொள்வார்.

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் நீச்சல் டீச்சர். டீச்சருக்கு நீச்சல் தெரியாது. கேட்டால், "தெரிஞ்சிருந்தா நானே இறங்கிருப்பேன், எலி எதுக்கு?" என்பார்.

தொட்டி வட்டமானது, இடுப்பு உயரம். வெதுவெதுப்பான தண்ணீரில் பால்பவுடரைக் கரைத்து வெள்ளையாக்கி வைத்திருப்பார்கள். அந்த வெள்ளைக்கு அடியில், விரல் நுனி முங்கும் ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு குட்டி மேடை. தண்ணீர் பிடிக்காத எலி நீந்தி அலைந்து, தற்செயலாக மேடையில் கால் பட்டதும் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கும். மறுநாளும் மேடை அதே இடத்தில்தான் இருக்கும். அறைச் சுவர்களில் ஒட்டிய முக்கோணத்தையும் வட்டத்தையும் பட்டைக் கோட்டையும் அடையாளம் வைத்துக்கொண்டு, இளசுகள் சில நாளிலேயே நூல் பிடித்த மாதிரி மேடைக்குப் போய்விடும். கிழடுகளில் பலதும் நேற்று வந்த ஊருக்கு இன்று வழி கேட்கும்.

டாக்டரம்மாவின் ஆராய்ச்சி அந்தக் கிழடுகளைப் பற்றியதுதான். கூண்டுக்குள் ஓடுசக்கரம் வைத்து தினமும் ஓட விட்டால் வயதான மூளையில் நினைவு தங்குமா? தங்குகிறது என்றுதான் தொட்டி சொல்லிக்கொண்டிருந்தது. சக்கரத்தில் ஓடிய டீச்சரின் கிழடுகள் இளசுகளுக்குச் சமமாக மேடையைப் பிடித்தன.

இந்த வேலைக்காக டீச்சர் விட்டுக்கொடுத்தவை பல. எலிக்கு மூக்குதான் பாதி மூளை என்பதால் வாசனை சோப்பு, பவுடர், தைலம் எதுவும் கிடையாது. அதற்குப் பதிலாக, மாலையானால் அவர்மேல் புளித்த பால் வாடை. பஸ் நிறுத்தத்திலிருந்து வீடுவரை ஒரு பூனை பின்னாலேயே வரும். "வேற யாருக்காவது இப்படி மெய்க்காப்பாளர் உண்டா?" என்று அதைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

எலிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது விதி. டீச்சர் வைத்ததில்லை, உறவுதான் வைத்தார். இளசுகள் எல்லாம் தம்பி. கிழடுகள் பெரியப்பா. நீந்தாமல் மிதந்தபடி கூரையைப் பார்க்கிற சோம்பேறிக் கிழடுகள் மட்டும் 'மாப்பிள்ளை'. "வந்த இடத்துல உக்காந்தே சாப்பிடலாம்னு பாக்குது பாருங்க" என்பார். கிழட்டு ரோமம் தண்ணீரைக் குடித்துவிடும், சட்டென்று குளிர் ஏறும். அதனால் பெரியப்பாக்களுக்கு இரண்டு துண்டு. காது மடலின் உள்பக்கம்வரை ஒற்றி எடுத்தபிறகுதான் கூண்டுக்கு அனுப்புவார்.

வீட்டில் இந்தப் பெரியப்பாக்கள் வேறு வேலைக்குப் பயன்பட்டார்கள். வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் வாங்கித் தந்த புதுப் போனைத் தொடமாட்டார். "இந்த வயசுல இனிமே மண்டையில என்ன ஏறும்?" என்பார்.

"என் பெரிசுங்களுக்கு ஏறுது. மனுஷங்க கணக்குல உங்களைவிட மூத்ததுங்க."

"அப்ப போனை அதுங்ககிட்டயே குடு."

"குடுத்தா இந்நேரம் மககிட்ட பேசிருக்கும். உங்களை மாதிரி பெட்டியோட வச்சு அழகு பாக்காது."

ஒரு வாரம் டீச்சர் காய்ச்சலில் படுத்தார். அவர் இடத்தில் கூண்டு கழுவுகிறவர் தொட்டிக்கு வந்தார். அவர் வியர்வைக்காரர். எலியை விட்டதும் எதிர்ப்பக்கம் மின்விசிறிக்குக் கீழே போய் நின்றுகொண்டார். டீச்சர் திரும்பி வந்ததும் முகமெல்லாம் பல்லாக வரவேற்றவரும் அவர்தான்.

"அக்கா, உங்க பெரிசுங்களுக்கு என்மேல அப்படி ஒரு பாசம்! விட்டதும் நேரா என்கிட்டதான் வருதுங்க. போ போன்னாலும் போகலை. அங்கேயே சுத்துதுங்க."

"தம்பிங்க?"

"அந்தப் பசங்களா? என்னை மதிக்கவே இல்லை. அதுபாட்டுக்கு மேடைக்குப் போயிடுச்சு."

டீச்சர் சிரிக்கவில்லை. "சரி, நீங்க போய் டீ சாப்பிடுங்க" என்று அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். ஒரு பெரியப்பாவைத் தொட்டியில் விட்டு, வழக்கமான அலமாரிக்குப் போகாமல் மின்விசிறிக்கு அடியில் போய் நின்றார். எலி ஒரு அரைவட்டம் அடித்தது. மீசை தண்ணீருக்கு மேலே துழாவியது. பிறகு நேராக அவரிடம் வந்து, அவருக்கு எதிரே இருந்த தொட்டிச் சுவரைச் சுரண்டியது. மேடை அந்தப் பக்கம், அலமாரிக்கு நேரே, ஆளில்லாமல் கிடந்தது.

ஆக, மேடை இருந்த இடத்தைக் கிழடுகள் கற்கவே இல்லை. துண்டு கைக்கு எட்ட வேண்டும் என்று டீச்சர் தினமும் எங்கே நின்றாரோ, அந்த இடத்தைக் கற்றிருந்தன. முக்கோணமும் வட்டமும் அவற்றுக்கு வேண்டியிருக்கவில்லை. சுவரில் ஒட்டாத அடையாளம் ஒன்று, நீல மேலங்கி போட்டுக்கொண்டு நடமாடியது.

எலியை எடுத்துத் துடைத்தார். காய்ந்துவிட்டது. மறுபடியும் துடைத்தார். விஷயம் தெரிந்தது அவர் ஒருவருக்குத்தான். கூண்டு கழுவுகிறவர் அதைப் பாசம் என்று நினைத்துச் சந்தோஷமாக இருக்கிறார். டாக்டரம்மா வாரக் கடைசியில் முடிவை ஆய்வு இதழுக்கு அனுப்பப் போகிறார். சொன்னால் அத்தனை மாத உழைப்பும் தண்ணீரில் கரைத்த பால்பவுடர்தான். தன் பெரிசுகள் தேறியவை என்று இனி யாரிடமும் மார்தட்ட முடியாது. நாளை முதல் பழையபடி அலமாரி ஓரம் நின்றுவிட்டால் போதும். ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

டாக்டரம்மா மேசையில் தலை கவிழ்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அதுங்க மேடையைத் தேடலை. என்னைத் தேடிருக்குங்க."

முழுக்கச் சொல்லி முடித்தபோது டாக்டரம்மா பேனாவை மூடினார். "வேடிக்கை பாக்கறேன்னு நானும் உங்க பக்கத்துலதானே நின்னேன்" என்றார். எழுதிய தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு, "ஒரு ஆளுக்கு ரெண்டு ஆளா நின்னு வழி காட்டிருக்கோம்" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது.

மறுபடியும் முதலிலிருந்து. மேடையை இடம் மாற்றினார்கள். தொட்டி ஓரமாக ஆளை மறைக்கும் தடுப்பு வைத்தார்கள். எலியை விட்டதும் டீச்சர் முழங்காலைத் திட்டிக்கொண்டே குனிந்து தடுப்புக்குப் பின்னால் போய்விட வேண்டும். மேலே மாட்டிய கேமரா எலி போன வழியைக் கோடாக வரைந்து தாளில் தரும்.

முதல் நாட்களில் பெரியப்பாக்கள் டீச்சரைத் தேடின. தலையைத் தூக்கி, அலமாரிப் பக்கம் ஒருமுறை, விசிறிப் பக்கம் ஒருமுறை. தடுப்புக்குப் பின்னால் சின்னத் திரையில் அதைப் பார்த்த டீச்சர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பேசினால் குரல் வந்த திசைக்கு வந்துவிடும். "எங்க போய்த் தொலைஞ்சாளோன்னு திட்டுதுங்க" என்று பிறகு கூண்டு கழுவுகிறவரிடம் கிசுகிசுத்தார்.

"என்னையாவது கூப்பிட்டிருக்கலாம்ல, அக்கா?"

"நீங்க ஒரு ஆளு போதும், வேற வினையே வேண்டாம்."

வீட்டில் அந்த நாட்களில் போன் பேச்சை அவர் எடுக்கவில்லை. வீட்டுக்காரரே, "என்ன, உன் பெரிசுங்க பாஸா?" என்று சீண்டியதற்கு, "பரீட்சை நடக்குது" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பரீட்சை முடிந்தது. டீச்சர் இளசுகளின் தாள்களை ஒரு உறையில் போட்டார். கிழடுகளின் தாள்களை மேசையில் பரப்பினார். பெரும்பாலானவை பூனை விளையாடிய நூல்கண்டு. சக்கரத்தில் ஓடிய சிலவற்றின் தாள்களில் மட்டும், நூல் இங்கே அங்கே தயங்கி, பட்டைக் கோட்டின் பக்கம் திரும்பி, பிறகு மெதுவாக, கோணலாக, மேடைக்குப் போயிருந்தது. டீச்சர் எல்லாவற்றையும் சேர்த்து, ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தினார். நூல்கண்டுகளை மேலே வைத்தார். போய்ச் சேர்ந்தவற்றை அடியில் வைத்தார்.

டாக்டரம்மா கையை நீட்டினார். தாள்கட்டைக் கையில் வாங்கியதுமே ஆவல் தாங்காமல் அடியிலிருந்து ஒரு தாளை உருவப் போனார்.

டீச்சர் தன் கையைக் கட்டின்மேல் வைத்து அழுத்தினார்.

"மேலேருந்து பாருங்கம்மா."