பெட்டி மூடிச் சவாரி

போன வாரம் கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. நான்தான் சிறப்பு விருந்தினர். வேறு யாரும் கிடைக்கவில்லை போலிருக்கிறது!

இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குச் சாக்கு ஓட்டம். விசில் ஊதியதும் எல்லோரும் குதித்துக் குதித்துப் போக, ஒரு வாண்டு மட்டும் பாதியில் தொபுக்கென்று விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. சாக்குக்குள் படுத்தபடியே கெக்கே பிக்கே என்று சிரிக்கிறாள். அந்த மைதானத்திலேயே அதிகச் சந்தோஷமாக இருந்தவள் அவள்தான். அதற்கெல்லாம் கப் கிடையாது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர்.

"ரெண்டு மாசம் கோச்சிங் அனுப்பினனுங்க மேடம்... அத்தனையும் வேஸ்ட்டாப் போச்சுங்க!"

சாக்கு ஓட்டத்துக்குக் கோச்சிங்கா? இனி பாண்டி ஆடவும் என்ட்ரன்ஸ் எக்ஸாம் வைப்பார்களோ என்னவோ!

சிரித்திருப்பேன். முடியவில்லை. பிள்ளை விளையாடி, அதனால் ஓர் அம்மா அழுததை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அழ வைத்தவளே நான்தான்.

எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறியபோது எனக்கு எட்டு வயது. கூடவே வந்தது ஒரு பலகைப் பெட்டி. அதன் மூடியில் அப்பாவின் பெயரும், போய்ச் சேர வேண்டிய ஊரும் வெள்ளைப் பெயிண்ட்டில் எழுதியிருக்கும்.

அந்தப் பெட்டியை அம்மா முழுசாகப் பிரிக்கவே இல்லை. சின்னம்மாவுக்கு இந்தியக் குடியுரிமைப் பேப்பர் வரவில்லை, அங்கேயே தங்கிவிட்டார். தங்கையை விட்டு வந்த அம்மாவுக்கு இங்கே மனசே ஒட்டவில்லை. "எப்புடியும் திரும்பிப் போயிருவம்" என்பார். நல்ல சேலை, பீங்கான் தட்டு எல்லாம் பெட்டிக்குள்ளேயே. ஒரு வருஷமாக நாங்கள் சாப்பிட்டது நசுங்கிப்போன அலுமினியத் தட்டில்.

எனக்கும் பக்கத்து வீட்டுச் செல்விக்கும் அந்தக் கவலையெல்லாம் ஏது? நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் புல் சரிவு. மழையில் நனைந்தால் அப்படி வழுக்கும். உட்கார்ந்து இறங்க ஒரு பலகை வேண்டும்... அவ்வளவுதான். அம்மா கொழுந்தெடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, பெட்டி மூடியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அடடா, அந்தச் சவாரி! காதில் காற்று விர்ரென்று அடிக்க... நாலு தடவை இறங்கினோம். ஐந்தாவது தடவை பாறையில் மோதி மூடி இரண்டாகப் பிளந்தது. அப்பா பெயர் ஒரு பாதியில், ஊர்ப் பெயர் மறு பாதியில்.

அம்மா வந்து பார்த்தார். அடிக்கவில்லை. இரண்டு பாதியையும் தரையில் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு அழுதார்.

"இனி எதைப் போட்டுடி மூடிக்கிட்டுப் போவேன்?"

அடித்திருந்தால் மறந்திருப்பேன். அந்த அழுகை இன்னும் மனசில் கிடக்கிறது.

மூடியில்லாத பெட்டியை எலி சும்மா விடுமா? மறுநாள் அம்மா சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்கினார். அன்றுதான் முதன்முதலாகப் பீங்கான் தட்டில் சோறு. செல்விக்கும் ஒரு தட்டு. சாப்பிட்டு முடித்ததும் உடைந்த பலகைகளை எங்கள் முன்னால் கொண்டுவந்து போட்டார்.

"ஆளுக்கொண்ணு எடுத்துக்கங்க. அந்தப் பாறைப் பக்கம் மட்டும் போயிராதீங்க புள்ளைகளா."

எனக்கு மைக்கில் பேச வேறு என்ன இருக்கிறது? இதைத்தான் சொன்னேன். சாக்கு வாண்டு கையைத் தூக்கினாள்.

"அப்புறம் யாருங்க மிஸ் ஃபர்ஸ்ட் வந்தது?"

யோசித்துப் பார்க்கிறேன்... நானா, செல்வியா? சத்தியமாக ஞாபகம் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எங்களைப் பிடிக்க அம்மா சரிவுக்குக் கீழே வந்து நின்றது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

பெட்டி இன்னும் என் வீட்டில் இருக்கிறது. அம்மா கடைசிவரை அதற்கு வேறு மூடி கேட்கவே இல்லை!