லேத்துக்குப் போட்ட களம்

மயிலாத்தாளுக்கு நகை மேல் ஆசை கிடையாது. புடவை மேலும் பெரிதாக இல்லை. பட்டுக் கட்டிக்கொண்டு ஜல்லி சுமக்கவா முடியும்? அவளுக்கு இருந்தது ஒரே ஆசைதான். இன்றைக்கு அடுப்பு மூட்டிய இடத்திலேயே அடுத்த வருஷமும் அடுப்பு மூட்ட வேண்டும். ஒரே ஊர், ஒரே வீடு. இதெல்லாம் ஒரு ஆசையா என்று கேட்பவர்கள், அவள் வாக்கப்பட்ட மனுஷனை அறியாதவர்கள்.

புருஷன் தம்பிதுரை, பொள்ளாச்சியைச் சுற்றித் தேங்காய் காயவைக்கும் களங்களுக்குக் காங்கிரீட் தளம் போடுகிறவர். ஒரு களம் போட்டு முடிகிற வரைக்கும் களத்துக்காரர் குடோனில் ஒரு மூலையை ஒதுக்கித் தருவார். மூட்டைகளுக்கு நடுவில் சோறு பொங்க வேண்டியது, தளம் இறுகியதும் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தோப்புக்குப் போக வேண்டியது. மகள் புவனா ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயரை மனப்பாடம் செய்வதற்குள் அடுத்த பள்ளிக்கூடம் வந்துவிடும். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் அந்தப் பிள்ளை அம்மா முகத்தைப் பார்க்கும்.

தம்பிதுரையை எதற்காகவும் குறை சொல்லலாம், வேலைக்காகச் சொல்ல முடியாது. களத்துத் தளத்துக்கு முக்கியம் வாட்டம். மழை பெய்தால் ஒரு பொட்டுத் தண்ணீர் தங்காமல் ஓடிவிட வேண்டும், அதற்குக் கொடுக்கிற சரிவுக்குத்தான் அந்தப் பெயர். தண்ணீர் தங்கினால் கொப்பரை பூஞ்சை பிடித்துப்போகும். அதனால் வேலை முடிந்ததும் களத்துக்காரர் ஒரு சொம்புத் தண்ணீரை மேட்டு மூலையில் ஊற்றுவார். எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். அது எங்கும் நிற்காமல் எதிர்மூலையில் இறங்கினால்தான் வெற்றிலை பாக்கோடு கூலி. தம்பிதுரை போட்ட களத்தில் தண்ணீர் நின்றதாகச் சரித்திரம் இல்லை. அவர் நூல்கூடக் கட்டமாட்டார். மட்டப்பலகையை இழுக்கும்போதே கை தானாகச் சரித்துக்கொள்ளும். மயிலாத்தாளும் சளைத்தவள் இல்லை. கலவை எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, "இப்பத் தேயுங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் அவர் தேய்க்கிற கரணையைக் கையில் எடுப்பார்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் கோயமுத்தூரிலிருந்து ஆள் வந்தது. ஆவாரம்பாளையத்தில் சுந்தரராஜுலு என்று ஒருவர். மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர், சும்மா உட்காரத் தெரியாதவர். நின்றிருந்த பழைய அம்பாசிடரை விற்று, இரும்பு கடைகிற லேத் ஒன்று வாங்கி, வீட்டோடு ஒட்டியிருந்த கார் ஷெட்டிலேயே பட்டறை போட முடிவு செய்திருந்தார். மச்சினர் தோப்பில் தம்பிதுரை போட்ட களத்தைப் பார்த்தவர், இந்தக் கைதான் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வந்து இறங்கியதும் மயிலாத்தாள் கவனித்தது ஷெட்டை அல்ல, வீதியை. வீட்டுக்கு வீடு ஒரு ஷெட். ஒன்றில் பம்ப்செட்டுக்கு ஷாப்ட் என்கிற இரும்புத் தண்டு கடைகிறார்கள், அடுத்ததில் கிரைண்டிங், அதற்கடுத்ததில் புதுப் பட்டறைக்கு மண் கொட்டியிருக்கிறார்கள். அத்தனைக்கும் தரை வேண்டுமே!

"ஏனுங்க, இது ஒண்ணு நல்லபடியா அமைஞ்சுட்டா இந்த ஈதியே நம்மளக் கூப்புடுமுங்க. குடோன் குடோனா அலைய வேண்டியதில்ல" என்றாள்.

"அமையாம என்ன? எத்தன களம் போட்டிருக்கறோம்" என்றார் தம்பிதுரை. வினையே அந்த வார்த்தையில்தான் இருந்தது. அப்போது அது யாருக்கும் தெரியவில்லை.

ஷெட்டில் ஜல்லி போட்டு இடித்து, கலவை கொட்டி, ஒரே மூச்சில் தளம் போட்டார்கள். மயிலாத்தாள் விரல் வைத்துச் சொன்னாள், தம்பிதுரை தேய்த்தார். மறுநாள் மண்ணில் சின்னச் சின்ன வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். ஒவ்வொரு பாத்தியிலும் தண்ணீர் உள்பக்கம் மெல்லிசாகவும் வாசல் பக்கம் கனமாகவும் நின்றது. வேறு யாராவது பார்த்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் அது பார்க்கப் பார்க்கத் திருப்தியாக இருந்தது.

தளம் இறுகிக்கொண்டிருந்த நாட்களில் மயிலாத்தாள் பக்கத்துப் பகுதியான கணபதியில் ஒரு லைன் வீடு பார்த்துவிட்டாள். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, கீழே மண் தரை. தரையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றார் வீட்டுக்காரர். பக்கத்திலேயே பள்ளிக்கூடம். வேலை நிலைத்தால் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தவளுக்கு இரண்டு நாளாகத் தூக்கத்தில்கூட அந்த வீடுதான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் லேத் வந்தது. இறக்க வந்தவர் நாகூர் மீரான்; எடை கூடின மிஷின்களை இறக்குவதே அவர் தொழில். அடியில் இரும்புக் குழாய்களைக் கொடுத்து, ஆட்கள் தள்ளத் தள்ள லேத் உள்ளே போனது. சுந்தரராஜுலுவின் மனைவி ராமாமணி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார். ஆட்கள் கையை எடுத்துவிட்டு டம்ளரை வாங்கினார்கள்.

லேத் அசைந்தது. முதலில் யாரும் நம்பவில்லை. அத்தனை பெரிய இரும்பு, யாரும் தொடாமல், குழாய் மேல் மெதுவாக வாசலைப் பார்த்து வரத் தொடங்கியது. ராமாமணி "அய்யய்யோ!" என்று கத்தினார். நாகூர் மீரான் பாய்ந்து ஒரு செங்கல்லை அடியில் தள்ளினார். அது நொறுங்கியது. இரண்டாவது கல்லுக்குத்தான் லேத் நின்றது.

"லேத்துக்கு இந்த ஊடு புடிக்கலையாட்ட இருக்குதுங்க. கெளம்பிப்போட்டுது" என்றார் மீரான். ஆட்கள் சிரித்தார்கள். வீதியில் பார்த்துக்கொண்டிருந்த நாலு பட்டறைக்காரர்களும் சிரித்தார்கள்.

சுந்தரராஜுலு சிரிக்கவில்லை. ரசமட்டத்தைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். குமிழி ஒரே ஓட்டமாக ஓடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

"தம்பிதுரை, நா கேட்டது லேத்துக்குத் தரை. நீ கொப்பரைக்குக் களம் போட்டுக் குடுத்திருக்கற."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மெதுவாகச் சொன்னதுதான் சுட்டது. தம்பிதுரை ரசமட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "கைப்பழக்கமுங்கய்யா. லேத்துன்னு நெனப்பே வரல. தப்பு எம்மேலதான். ஒடச்சுப்போட்டு வேற போட்டுத் தாரனுங்க."

மயிலாத்தாளுக்குக் கண் முன்னால் லேத் வெளியே வரவில்லை. கணபதி வீடுதான் போய்க்கொண்டிருந்தது. இந்த வீதியில் இனி யார் கூப்பிடுவார்கள்? மறுபடியும் குடோன், மறுபடியும் மூட்டை.

அப்போதுதான் ராமாமணி ஒரு பக்கெட் தண்ணீரைக் கொண்டுவந்து ஷெட்டின் உள்மூலையில் விசிறி ஊற்றினார். இரும்புத் துரு, செருப்பு மண், செங்கல் தூள் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு அது வாசலுக்கு ஓடியது. பின்னால் தரை பளிச்சென்று கிடந்தது.

"எதுக்குங்க ஒடைக்கோணும்?" என்றார் புருஷனிடம். "எண்ணெய்யும் பிசுக்கும் ஊட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு நா தலபாடா அடிச்சுக்கிட்டேன். கழுவி உட்டா ஓடற தரை எனக்கு வேணும். இத ஒடைக்க நா உடமாட்டேன்."

"உனக்குத் தரை வேணும், எனக்கு லேத் ஓடோணுமே! மட்டம் இல்லாட்டி ஷாப்ட் எப்படி நேராக் கடையறது?"

புருஷனும் பொண்டாட்டியும் மாறிமாறிப் பேச, மயிலாத்தாள் ஷெட்டையே பார்த்தாள். அவளுக்குக் களத்து எடைமேடை ஞாபகம் வந்தது. கொப்பரை மூட்டை நிறுக்கிற இரும்புத் தராசைச் சரிவில் வைத்தால் எடை பொய் சொல்லும். அதற்காக எந்தக் களத்திலும் ஒரு ஓரத்தில் மட்டமான மேடை ஒன்று கட்டியாக வேண்டும். அதற்கு மட்டும் தம்பிதுரை நூல் கட்டுவார்.

"ஏனுங்க," என்று புருஷனைக் கூப்பிட்டாள். "தராசுக்கு மேடை போடுவீங்கல்ல? அந்தாட்ட லேத்துக்கு மட்டும் மட்டமா ஒரு மேடை எழுப்பிப்போட்டா ஆகாதுங்களா? மத்த தரை அக்கா கேக்கறாப்பல இருந்துட்டுப் போவுது."

சுந்தரராஜுலு தலையைச் சொறிந்துகொண்டார். "ஆகும்" என்றார். பிறகு ராமாமணியைப் பார்த்து, "ஆனா நாளைக்குப் பூஜைக்கு லேத் எங்க நிக்கும்?" என்றார்.

நின்ற இடத்திலேயே நின்றது. நாலு பக்கமும் கட்டையும் கல்லும் கொடுத்து, கட்டுத்தறியில் கட்டிப்போட்ட காளை மாதிரி நின்றபடியே சந்தனமும் குங்குமமும் மாலையும் வாங்கிக்கொண்டது. வீதிக்காரர்கள் சுண்டலுக்கு வந்தார்களோ, ஓடிப்போகப் பார்த்த லேத்தைப் பார்க்க வந்தார்களோ, கூட்டத்துக்குக் குறைவில்லை.

பூஜை முடிந்ததும் தம்பிதுரை தரையைக் கொத்திவிட்டு, நூல் கட்டி, ரசமட்டத்தை நிமிஷத்துக்கொரு தரம் வைத்துப் பார்த்து மேடை எழுப்பினார். அது நன்றாக இறுகிய பிறகு மீரான் வந்து லேத்தைச் சங்கிலி போட்டுத் தூக்கி வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. முதல் ஷாப்டைக் கடைந்து முடித்த சுந்தரராஜுலு, அதை மயிலாத்தாள் கையில்தான் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அவளுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை, ஆனால் சூடாகவும் வழவழப்பாகவும் இருந்ததை வாங்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

ஐப்பசி மழை வந்தது. வீதியில் பாதி ஷெட்டுக்குள் சாரல் தண்ணீர் தேங்கி, ஆட்கள் சாக்கைப் போட்டு ஒற்றிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பட்டறை ஷேக் பரீத், பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு வந்து சுந்தரராஜுலுவின் ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். அன்றைக்கு வாசலில் நின்று சிரித்தவர்களில் அவரும் ஒருவர்.

"எனக்கும் இதே மாதிரி வேணுமுங்க. வாட்டமும் வேணும், மேடையும் வேணும்" என்றார். அவருக்குப் பின்னால் அடுத்த பட்டறை, அதற்கடுத்தது. பொள்ளாச்சிக்காரர்கள் ஆள் அனுப்பினால், தம்பிதுரை இப்போது வேறு யாரையோ கைகாட்டினார்.

தை மாதம் கணபதி வீட்டுக்குக் குடிபோனார்கள். போவதற்கு முன் தம்பிதுரை சொந்தமாக ஒரு ரசமட்டம் வாங்கி, ஊரார் தரைக்குக்கூடப் படாத பாடு பட்டு, அந்த ஒற்றை அறைக்குத் தரை போட்டார். சூடுபட்ட பூனை அல்லவா? மூலைக்கு மூலை குமிழி நடுவில் நிற்கும்வரை விடவில்லை.

பால் காய்ச்சிய அன்று மயிலாத்தாள் சமையல் மூலையைக் கழுவிவிட்டாள். தண்ணீர் வாசலுக்கும் போகவில்லை, தண்ணீர் வெளியேறுகிற ஜலதாரைக்கும் போகவில்லை. அடுப்புக்கு முன்னால் அப்படியே பரவி நின்றது. துடைப்பத்தால் தள்ளினாள், போய்விட்டுத் திரும்பி வந்தது. தம்பிதுரை எட்டிப் பார்த்தார். முகம் செத்துப்போய்விட்டது. ஆயுசிலேயே அவர் போட்ட தரையில் தண்ணீர் நின்றது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கே கொத்திப்போட்டு வாட்டமாப் போட்டுத் தாரேன்" என்றார்.

மயிலாத்தாள் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, பழந்துணியை எடுத்துத் தண்ணீருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கெடக்குது உடுங்க. நாளைக்கும் நாந்தான இங்க தொடைக்கப் போறேன்."